ஒரு சர்ஃபேஸ் பிளேட் வேண்டாம், மூன்று செய்யுங்கள்

கேள்வி: கோவையில் நாங்கள் மூன்று நண்பர்கள். மூவர் வீட்டிலும் சின்ன லேத் இருக்கிறது. மூவருக்கும் பொதுவாக ஒரு வார்ப்பிரும்பு சர்ஃபேஸ் பிளேட் (அளவு பார்க்கவும் மார்க்கிங் போடவும் ஆதாரமாக வைக்கும் சமதளத் தகடு) செய்துகொள்ள நினைக்கிறோம். 300-க்கு 200 மில்லிமீட்டர் அளவு. மில்லிங்கில் ஓட்டிவிட்டு, கடைசியில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் (அராவும் தூள் கலந்த பசை) போட்டுத் தேய்த்தால் சமதளம் வந்துவிடுமா? செய்தபின் யார் வீட்டில் வைப்பது என்பதிலும் ஒரு குழப்பம்.

பதில்: உங்கள் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். ஒன்று செய்யாதீர்கள், மூன்று செய்யுங்கள். ஆளுக்கு ஒன்று.

செலவைப் பங்கு போடத்தான் மூவரும் சேர்ந்தீர்கள் என்று தெரிகிறது. ஆனால் இந்த வேலைக்கே மூன்று பிளேட் தேவை. வெறும் அளவு பார்க்கவும் மார்க்கிங் போடவும் மட்டும்தான் என்றால் ஒரு கிரானைட் பிளேட் வாங்கிவிடுங்கள். உழைப்பைக் கணக்கில் சேர்த்தால் அதுதான் மலிவு. சுரண்டும் (உளி போன்ற ஸ்கிரேப்பரால் மேடுகளைக் கையால் சீவி எடுக்கும்) கைப்பழக்கம் வர வேண்டும், நாளைக்கு லேத்தின் கிராஸ் ஸ்லைடையும் (டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதி) நீங்களே சரிசெய்ய வேண்டும் என்ற ஆசை இருந்தால் மேலே படியுங்கள்.

இரண்டு பிளேட்டை ஒன்றோடொன்று பொருத்தி எடுத்தால் ஏன் போதாது? ஆட்டுக்கல்லையும் குழவியையும் பாருங்கள். கச்சிதமாகப் பொருந்துகின்றன, இரண்டில் எதுவும் சமதளம் இல்லை. ஒன்று குழி, மற்றது மேடு. மூன்றாவதாக ஒன்று வந்தால் இந்த ஏமாற்று நடக்காது. குழியோடு பொருந்துவது மேட்டோடு பொருந்தாது. மூன்றும் எந்த ஜோடியாக வைத்தாலும் பொருந்த வேண்டும் என்றால் குழிக்கும் மேட்டுக்கும் இடமே இல்லை. ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1840-இல் கிளாஸ்கோவில் வாசித்த கட்டுரையில் இந்த முறையைத்தான் விளக்கினார். தூள் போட்டுத் தேய்ப்பதை விட்டுவிட்டுச் சுரண்டுங்கள் என்றும் அதிலேயே வற்புறுத்தினார். ஆகவே உங்கள் வால்வு பேஸ்டை எடுத்து வைத்துவிடுங்கள். தூள் எல்லா இடத்திலும் சமமாக நிற்காது, ஓரங்களை அதிகம் தின்னும், வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் போய் உட்கார்ந்துகொண்டு பிறகு மேலே வைக்கும் சாமான்களையும் அராவும்.

அளவை 250-க்கு 250 சதுரமாக மாற்றுங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று பின்னால் புரியும். மேல்தகடு 20 மில்லிமீட்டர், கீழே ரிப்கள், நிற்க மூன்றே மூன்று கால். நான்கு கால் வைத்தால் மேசை கோணலாக இருக்கும்போது பிளேட்டும் சேர்ந்து வளையும். எடை ஏறக்குறைய 15 கிலோ வரும், ஒருவர் தூக்கித் திருப்பலாம். பேட்டர்ன் (வார்ப்பு அச்சு எடுக்கும் மாதிரி) ஒன்று போதும். மூன்றையும் ஒரே உருக்கில் வார்க்கச் சொல்லுங்கள். வேலை செய்யும் முகம் அச்சில் கீழ்ப்பக்கமாக இருக்கட்டும், கசடு மேலே மிதந்து போய்விடும். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 210-இல் எஃப்ஜி 260 தர கிரே அயர்ன் கேளுங்கள். 3, 4 மில்லிமீட்டர் மெஷினிங்குக்கு விட்டிருக்க வேண்டும்.

மில்லிங்கில் முதல் கட்டு (கட்டிங்) ஓட்டியதும் ஸ்ட்ரெஸ் ரிலீவ் செய்யுங்கள், அதாவது வார்ப்பின் உள்ளிறுக்கத்தைச் சூடாக்கி நீக்குங்கள். 550 டிகிரி அளவில் சில மணி நேரம் வைத்து, ஃபர்னஸுக்குள்ளேயே மெதுவாக ஆற விட வேண்டும். இதைத் தவிர்த்தால் இன்று சுரண்டிய பிளேட் அடுத்த வருடம் தானாக வளைந்திருக்கும். கடைசிக் கட்டுக்கு மூன்று இடத்தில் மட்டும், லேசாகக் கிளாம்ப் செய்யுங்கள். இறுக்கிப் பிடித்து ஓட்டினால் கழற்றியதும் நிமிர்ந்துகொண்டு வேறு வடிவம் காட்டும்.

சரி, சுரண்டலுக்கு வருவோம். பக்கவாட்டில் அ, ஆ, இ என்று பஞ்ச் அடித்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் அ-தான் ஆதாரம். அதில் புளூ (மேலே வைக்கும் பிளேட்டின் மேடுகளில் ஒட்டிக் காட்டும் நீலச் சாயம்) தடவி, ஆ-வையும் இ-யையும் தனித்தனியாக அதற்குப் பொருந்தும்வரை சுரண்டுங்கள். இப்போது அ மேடாக இருந்திருந்தால் மற்ற இரண்டும் ஒரே மாதிரி குழியாகியிருக்கும். ஆ-வையும் இ-யையும் ஒன்றோடொன்று வைத்தால் பிழை இரட்டிப்பாகத் தெரியும், ஓரங்கள் மட்டும் தொடும். அந்தப் பிழையை இரண்டிலும் பாதிப்பாதி எடுக்க வேண்டும். ஒருவர் ஒரு தடவை சுரண்டினால் மற்றவரும் ஒரு தடவைதான், பிறகு புளூ. அடுத்த சுற்றில் ஆ ஆதாரம்: அ-வை அதற்குப் பொருத்தி, அ-வையும் இ-யையும் சோதித்துப் பாதிப்பாதி. அதற்கடுத்து இ. இப்படியே சுற்ற வேண்டும். எந்த ஜோடியிலும் திருத்த ஒன்றும் இல்லாத நிலை வரும்வரை.

ஒவ்வொரு கைக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் ஓரத்தில் அழுத்துவார், இன்னொருவர் நடுவில் ஆழமாகப் போவார். அதனால் அவரவர் பிளேட்டை அவரவரே வைத்துக்கொண்டு சுரண்டாமல், சுற்றுக்குச் சுற்று ஆள் மாறுங்கள்.

இப்போது சதுரத்துக்கு வருகிறேன். வெயிலில் காய்ந்த பலகை முறுக்கிக்கொள்வது போல, எதிரெதிர் மூலைகள் இரண்டு மேலேயும் மற்ற இரண்டு கீழேயும் இருக்கும் முறுக்கு ஒன்று உண்டு. மூன்று பிளேட்டிலும் இதே முறுக்கு இருந்தால், எந்த ஜோடியை வைத்தாலும் அழகாகப் பொருந்தும். மூன்று பிளேட் முறையே இதில் ஏமாந்துவிடும். 180 டிகிரி திருப்பினாலும் தெரியாது. மேல் பிளேட்டைக் கால் சுற்று, 90 டிகிரி திருப்பி வைத்தால்தான் இரண்டு எதிர் மூலைகளில் மட்டும் புளூ ஒட்டிக் காட்டிக்கொடுக்கும். செவ்வகத்தில் கால் சுற்றுத் திருப்பினால் முனைகள் வெளியே தொங்கும். நாங்கள் முதல்முறை செய்தவை செவ்வகம்தான். பல வாரம் சுரண்டி முடித்தோம் என்று மகிழ்ந்த பிறகுதான் முறுக்கு தெரிந்தது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

ஸ்கிரேப்பருக்குத் தண்டின் நுனியில் கார்பைடு துண்டைப் பற்றவைத்து, வாயை லேசான வில்லாகத் தீட்டுங்கள். புரூஷியன் புளூவை ஆரம்பத்தில் சற்றுத் தாராளமாகத் தடவலாம். போகப் போகக் குறைத்து, முடிவில் உள்ளே இரும்பு தெரியும் அளவு மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்த புளூ பள்ளத்தையும் மேடு என்று சொல்லும். நன்றாக உற்றுப் பாருங்கள்: உண்மையிலேயே உயர்ந்த புள்ளியின் நடுவில் புளூ பிதுங்கிப் போய் இரும்பு பளிச்சென்று மின்னும், சுற்றிலும் கருநீல வளையம். அந்த மின்னும் புள்ளிகளை முதலில் எடுங்கள். ஒவ்வொரு தடவையும் திசையை மாற்றிச் சுரண்டி, நுண்ணிய தீட்டுக்கல்லால் பிசிறை எடுத்து, வெறும் உள்ளங்கையால் துடைத்துவிட்டு அப்புறம் புளூவுக்குப் போங்கள். துணி விட்டுவைத்த ஒரு தூசியைக் கை கண்டுபிடித்துவிடும்.

புளூ போடுமுன் இன்னொரு சோதனை. மேல் பிளேட்டின் ஓரத்தை ஒரு விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். நடுவைச் சுற்றித் தட்டாமாலை போல் சுழன்றால் அங்கே மேடு. தள்ளும் முனைக்கு நேரெதிர் ஓரத்தை மையமாக வைத்துத் திரும்பினால் நடுவில் குழி. எதிர் முனையிலிருந்து சுமார் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் கீல் போட்டாற்போல் திரும்பினால் சமதளத்தை நெருங்கிவிட்டீர்கள்.

வெப்பம் பொல்லாதது. 60 மில்லிமீட்டர் உயரமுள்ள உங்கள் பிளேட்டின் மேல்பக்கம் கீழ்ப்பக்கத்தைவிட ஒரே ஒரு டிகிரி சூடானால் போதும், நடுவில் ஒன்றரை மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு மேடு தட்டும். நீங்கள் ஒரு தடவை சுரண்டி எடுப்பதே சில மைக்ரான்தான். மூன்று பிளேட்டையும் முந்தின இரவே ஒரே அறையில் வைத்துவிட்டு, காலையில் வேலை பாருங்கள். ஜன்னல் வெயில் விழக் கூடாது. சுரண்டி முடித்த கையோடு புளூ பார்க்காமல் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

அட்டையில் 25 மில்லிமீட்டர் சதுர ஓட்டை வெட்டி பிளேட்டின் மேல் அங்கங்கே வைத்து எண்ணுங்கள். எங்கு வைத்தாலும் புளூ காட்டும் 20 புள்ளி ஏறக்குறைய சமமாக விழுந்தால் நிறுத்திவிடலாம். நடுவில் 30, ஓரத்தில் 8 என்றால் முடியவில்லை என்று அர்த்தம். பல மாத ஞாயிற்றுக்கிழமைகள் ஆகும் என்பதை இப்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

முடிந்ததும் எண்ணெய் தடவி, மரமூடி போட்டு, ஆளுக்கொன்றாக எடுத்துப் போங்கள். இரண்டை முகத்தோடு முகம் வைத்து மூடிவிடாதீர்கள், இடையில் ஈரம் தங்கினால் துரு பிடிக்கும். வருடத்துக்கு ஒருமுறை, மார்கழிக் காலை ஒன்றில், மூன்றையும் ஒரே வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி ஜோடி பாருங்கள். யாராவது ஒருவருடையது தேய்ந்திருந்தால் மற்ற இரண்டையும் வைத்து அன்றே சரிசெய்துவிடலாம்.