தாய்லாந்து உணவகத்தில் ஏன் ஆளுக்கொரு கறி வாங்குவதில்லை?

தாய்லாந்தில் நாலு பேராகச் சாப்பிடப் போனால் சோறு மட்டும்தான் ஆளுக்கொரு தட்டு. மற்றதெல்லாம் மேசை நடுவே, பொதுவில். அவற்றுக்கு ‘கப் காவ்’ என்று பெயர். சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுபவை.

காரணம் சுவைக் கணக்கு. புளித்து உறைக்கும் தொம் யாம் சூப், தேங்காய்ப்பால் ஊற்றிய பச்சைக் கறி (‘கிரீன் கறி’ என்னும் பச்சைநிறக் குழம்பு), எண்ணெயில் பொங்கப் பொரித்த ஆம்லெட், பூண்டு போட்டு வதக்கிய கீரை: ஒன்றின் காரத்தை இன்னொன்று தணிக்கும். பச்சைக் கறியை மட்டும் வாங்கிப் பாருங்கள், நாலாவது வாயிலேயே திகட்டும். நம் வத்தக்குழம்புக்குச் சுட்ட அப்பளம் தேடுகிறோமே, அதே கதைதான். ஒவ்வொன்றிலும் ஓரிரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவார்கள். தட்டில் குவிப்பது அழகில்லை.

குச்சியால் சாப்பிட வேண்டுமோ என்று பயப்படாதீர்கள்: சோற்றுக்கு ஸ்பூனும் முள்கரண்டியும்தான், குச்சி பெரும்பாலும் நூடுல்ஸுக்கு.