நியூயார்க்கின் உல்வொர்த் கட்டிடத்தில் மேல்மாடிகள் ஏன் வீடுகளாயின?

நல்ல முகவரி, அலுவலகமாகவே விட்டிருக்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் அந்தக் கட்டிடத்தின் உடல்வாகிலேயே இருக்கிறது.

ஐந்து சென்ட், பத்து சென்ட் சாமான்கள் விற்றே பெரும் பணக்காரரான ஃபிராங்க் உல்வொர்த், மன்ஹாட்டனின் பிராட்வேயில் 792 அடி உயரத்துக்கு இதை எழுப்பினார். 1913-இல் திறந்தார்கள். 1930 வரை உலகிலேயே உயரமான கட்டிடம் இதுதான். முகப்புக் கூடத்தின் மேலே அண்ணாந்து பார்த்தால் வேடிக்கையான சிறு சிலைகள் தெரியும்: உல்வொர்த் சில்லறையை எண்ணிக்கொண்டிருப்பார், கட்டிடக் கலைஞர் காஸ் கில்பர்ட் இதே கட்டிடத்தின் குட்டி மாதிரியைக் கட்டிப்பிடித்திருப்பார். கோடீஸ்வரரைக் காசு எண்ண வைத்த துணிச்சல் எனக்குப் பிடிக்கும்!

சரி, மாற்றத்துக்கு வருவோம். 1998-இல் உல்வொர்த் தொடங்கிய நிறுவனம் கட்டிடத்தை விற்றது. 2012-இல் ஆல்கெமி என்ற நிறுவனம் மேல் 30 மாடிகளை மட்டும் 6.8 கோடி டாலருக்கு வாங்கியது. மேலே கோபுரம் ஒடுங்கிவிடுகிறது. லிஃப்டும் படிக்கட்டும் போக மிஞ்சும் தளம், இன்றைய அலுவலகங்கள் கேட்கும் விசாலமான கூடத்துக்குப் போதாது. வீட்டுக்கோ அந்த ஒடுக்கமே வசதி: எந்த அறையும் ஜன்னலை விட்டு ரொம்ப தூரம் போகாது.

கீழ்மாடிகளில் இன்னும் அலுவலகங்கள்தான். 1983 முதல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால், வெளித்தோற்றத்தை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.