காலையில் மட்டும் கேட்கும் 'டிக் டிக்': பழைய கார் வாங்கியவருக்கு வழக்கு உண்டா?

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "நான்கு மாதத்துக்கு முன் கோவையில் பழைய கார் விற்கும் ஒரு நிறுவனத்தில் 3,80,000 ரூபாய்க்குப் பெட்ரோல் கார் வாங்கினேன். பஸ் பிடித்துப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. வண்டியை ஸ்டார்ட் செய்தே வாசலில் நிறுத்தியிருந்தார்கள். ஓட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை. மறுநாள் காலை வீட்டில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினில் 'டிக் டிக்' என்று சத்தம். பத்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. தினமும் இதே கதை. மெக்கானிக் இன்ஜினை இறக்கணும், 60,000 ஆகும் என்கிறார். விற்றவர்களோ, 'உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே' என்கிறார்கள். வாங்கும் முன் வாட்ஸ்அப்பில், 'காலையில் ஸ்டார்ட் பண்ணா சத்தம் வருமா?' என்று கேட்டேன். 'பட்டு மாதிரி இருக்கும்' என்றார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா, ஐயா?"

முதல் வேலையாக மெக்கானிக்கிடம், இன்ஜினில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் வழக்குக்கு அந்த இன்ஜின்தான் சாட்சி. பிரித்து மாட்டிய பிறகு, கோளாறு முன்பே இருந்ததா, பிரித்ததில் வந்ததா என்று எதிர்த்தரப்பு கேட்டால் பதில் சொல்ல முடியாது.

அடுத்து, சத்தம் எதனால் வருகிறது என்று தெரிய வேண்டும். உங்களுக்கு வழக்கு இருக்கிறதா என்பதே அதில்தான் நிற்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கியிருக்கும். அது மறுபடி மேலே ஏறும்வரை இரண்டு மூன்று வினாடி டேப்பட் (இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் பாகம்) தட்டுவது பல வண்டிகளில் சாதாரணம். பத்து நிமிடம் தட்டினால் சாதாரணமில்லை. ஆனாலும் ஸ்டார்ட் செய்யும் முன் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தாலோ, அந்த இன்ஜினுக்கு ஒத்துவராத கிரேடு ஊற்றியிருந்தாலோ, ஆயில் மாற்றியதும் சரியாகக்கூடும். அப்படியானால் வழக்கு வேண்டாம், விட்டுவிடுங்கள்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் (இன்ஜினும் புகைக் குழாயும் சேரும் இடத்தை அடைக்கும் தகடு) போயிருந்தாலும் இதே சத்தம்தான் வரும். உலோகம் சூடேறி விரிந்ததும் இடைவெளி அடைபட்டு, சத்தம் நின்றுவிடும். மேனிஃபோல்டு இணைப்பில் கரி படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இதற்கு இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்திருந்தால்தான் விஷயம் பெரிது. குளிர்ந்த நிலையில் பிஸ்டன் ஆடித் தட்டும், சூடாகி விரிந்ததும் அடங்கும். அந்தத் தேய்மானம் ஒரே இரவில் வந்திருக்காது. நீங்கள் ஓட்டி வந்த மறுநாளே சத்தம் கேட்டிருப்பதால், விற்கும்போதே அது இருந்தது என்று வாதாட இடம் இருக்கிறது.

ஆகவே வண்டியைத் தயாரித்த கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் ஒன்றில் முந்தின நாள் மாலையே விட்டுவிட்டு, காலையில் அவர்கள் கையால் ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொல்லுங்கள். காரணத்தை ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். வீட்டிலும் மூன்று நாள் வீடியோ எடுங்கள். டிப் ஸ்டிக், கிலோமீட்டர் காட்டும் மீட்டர், ஸ்டார்ட் ஆவது, சத்தம் அடங்குவது எல்லாம் ஒரே ஓட்டத்தில், வெட்டாமல் இருக்கட்டும். அந்த வாட்ஸ்அப் உரையாடல் இருக்கும் போனை மாற்றிவிடாதீர்கள். வழக்கில் அதைத் தாக்கல் செய்யும்போது, 2023 பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழும் சேர்க்க வேண்டும்.

சரி, 'உள்ளது உள்ளபடி' கையெழுத்துக்கு வருவோம். வாங்குபவர் பொருளைப் பார்த்திருந்தால், அந்தப் பார்வையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்றவர் பொறுப்பில்லை என்கிறது 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு. அவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் சூடான இன்ஜினில் இந்தக் குறை தெரியவே தெரியாதே! அதோடு, நீங்கள் காலைச் சத்தத்தைக் குறிப்பாகக் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்தே பொய் சொல்வதும், தெரிந்த குறையை முனைந்து மறைப்பதும் 1872 ஒப்பந்தச் சட்டம் 17-வது பிரிவின்படி மோசடி. அந்தக் கையெழுத்து மோசடிக்குக் கவசமாகாது என்பது என் கருத்து. வண்டி சூடாக இருந்ததை மட்டும் வைத்து நான் வழக்குப் போட மாட்டேன், அதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். 'பட்டு மாதிரி' என்ற அந்தப் பதில்தான் உங்கள் பலம்.

பணம் முழுவதும் திரும்பக் கேட்பதில் ஒரு சங்கடம் உண்டு. கோளாறு தெரிந்த பிறகும் நான்கு மாதம் வண்டியை ஓட்டியிருக்கிறீர்கள். எனவே பழுதுச் செலவையும் நஷ்டஈட்டையும் முதன்மையாகக் கேளுங்கள். முழுப் பணத்தை மாற்றுக் கோரிக்கையாக வையுங்கள். முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து, ஸ்பீட் போஸ்டில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையம். இதற்காகக் கோவைக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க வழி செய்கிறது. மதுரை மாவட்ட ஆணையத்தில் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. காலக்கெடு 2 ஆண்டு. (விற்றவர் வியாபாரி என்பதால்தான் இந்த வழி. தனி ஆள் ஒருவரிடம் வாங்கியிருந்தால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.)

புகாரோடு, நிபுணர் ஒருவரை நியமித்து வண்டியைப் பரிசோதிக்கக் கேட்டு ஒரு மனுவும் போடுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியை, காலையில், உங்கள் வீட்டிலேயே வந்து பார்க்க வேண்டும் என்ற வரி அந்த மனுவில் கட்டாயம் இருக்கட்டும். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஓட்டி வந்து காட்டினால், செக்கானூரணி தாண்டும் முன்பே சத்தம் அடங்கியிருக்கும்.