நெதர்லாந்துல ‘ஸ்வார்ட்டே பீட்’ வேஷம் போடுறது இனவெறியா, இல்ல வெறும் குழந்தைங்க பண்டிகையா?

நீங்க இங்க புதுசா வந்து, குழந்தைங்களுக்குப் பரிசு குடுக்குற தாத்தா சின்டர்கிளாஸோட ஊர்வலத்த பாத்துட்டு கேக்குறீங்கன்னு நினைக்கிறேன். என்னைக் கேட்டா, அவரோட உதவியாளனா வர்ற ஸ்வார்ட்டே பீட், அதாவது ‘கறுப்பு பீட்’, வேஷத்துக்கு மூஞ்சில பூசுற அந்தக் கறுப்புச் சாயம் இனவெறிதாங்க.

நான் வந்தது 2013ல. நவம்பர் கடைசி, சூப்பர் மார்க்கெட்ல பால் எடுத்துட்டு திரும்புறேன், டிராலில உக்காந்திருந்த மூணு வயசுப் பொண்ணு என்னப் பாத்து "பீட்!"னு கத்தி ரெண்டு கையையும் குவிச்சு நீட்டுச்சு. பெப்பர்நோட்டன் கேக்குது, பீட் வேஷக்காரங்க பையிலேருந்து அள்ளிக் குடுப்பாங்களே, பட்டை வாசம் அடிக்கிற குட்டி பிஸ்கட். அவங்கம்மா மூஞ்சி சிவந்து சாரி சாரின்னாங்க, நானும் பரவால்லன்னு சிரிச்சுட்டு வந்துட்டேன். பால் வாங்காமயே வந்தது வீட்டுக்குப் போனப்புறம்தான் தெரிஞ்சுது. குழந்தை மேல தப்பே இல்ல, பெரியவங்க காட்டினத அது நம்புச்சு.

பீட் மூஞ்சி ஏன் கறுப்புன்னு ஆபீஸ்ல கேட்டா, அவன் சிம்னி வழியா இறங்குறான், அதான் கரின்னாங்க. கரி மூஞ்சில மட்டும் ஒட்டுமா, சட்டைல ஒட்டாதா? சுருட்ட முடி விக், செவப்பு பூசின தடிச்ச உதடு, காதுல தங்க வளையம், இதுவும் சிம்னிலேருந்துதான் வந்துச்சா? 1850ல யான் ஷெங்க்மன்னு ஆம்ஸ்டர்டாம் வாத்தியார் ஒருத்தர் போட்ட குழந்தைங்க புத்தகத்துல சின்டர்கிளாஸுக்கு ஒரு கறுப்பு வேலைக்காரன் வர்றான். அப்ப தென் அமெரிக்காவுல இவங்க காலனியா இருந்த சுரிநாம் தோட்டங்கள்ல டச்சுக்காரங்க அடிமைங்கள வச்சு வேலை வாங்கிட்டு இருந்த காலம், சட்டப்படி ஒழிச்சதே 1863லதான்.

உடனே சண்டைக்கு வராதீங்க, இந்த ஊரு எனக்கு சோறு போடுது, டிசம்பர் 5 ராத்திரி பரிசு குடுக்குறது எங்க வீட்லயும் உண்டு. எனக்கு அதவிட வலிச்சது நம்மாளுங்க பேச்சு. பொங்கல் விழாவுல இதச் சொன்னா ஒரு அண்ணன், "அது ஆப்பிரிக்காக்காரங்களப் பத்தினது, நமக்கென்ன"ன்னாரு.

சுரிநாம், கரீபியன் வழி வந்தவங்க தெருவுல நின்னு போராடித்தான் மாறுச்சு. 2019லேருந்து டிவில வர்ற ஊர்வலத்துல கன்னத்துல கரிக்கோடு மட்டும்தான். 2020ல, அப்ப பிரதமரா இருந்த ருட்டேவே பார்லிமெண்ட்ல பீட் பத்தின தன் கருத்து மாறிடுச்சுன்னு சொன்னாரு.

போன வருஷம் என் பொண்ணு கையில ஒரு பீட் பிஸ்கட் கொட்டிட்டுப் போனாரு. ஏம்ப்பா அவர் மூஞ்சி அழுக்கா இருக்குன்னு கேட்டா. சிம்னில இறங்கி வந்தாரும்மான்னேன், சரின்னு சாப்பிட ஆரம்பிச்சுட்டா.