மாடல் எது என்பதற்கு முன், வேரியண்ட் எது?

கேள்வி: எனக்கு வயது 42. மடிப்பாக்கத்தில் சொந்த அடுக்ககத்தில் வசிக்கிறோம். தரமணியில் வேலை, கைக்கு வரும் சம்பளம் 1,35,000 ரூபாய். மனைவி பள்ளி ஆசிரியை. அவருக்கு 38,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 42,000 ரூபாய், இன்னும் 11 ஆண்டுகள் இருக்கின்றன. வீட்டுச் செலவு சுமார் 60,000. மகள் இப்போதுதான் ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருக்கிறாள். அவள் படிப்புக்காக மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 15,000 ரூபாய் போடுகிறோம். 7 லட்சம் சேர்ந்திருக்கிறது. வங்கி வைப்பு நிதியில் 11 லட்சம் உண்டு. இருப்பது 2014-ல் வாங்கிய சிறிய கார். 2 லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, தாழ்வான காரில் ஏறி இறங்கச் சிரமப்படுகிறார். ஆண்டுக்கு மூன்று முறை தென்காசி போய் வருகிறோம். ஆகவே நடுத்தர எஸ்யூவி வாங்க நினைக்கிறோம். கிரெட்டா, எலிவேட், கிராண்ட் விட்டாரா மூன்றையும் பார்த்துவிட்டுக் குழம்பி நிற்கிறேன். டீசல் வாங்கு என்கிறார் அலுவலக நண்பர். பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட்தான் சரி என்கிறார் மைத்துனர். ஷோரூமில் வசதிகள் அதிகமுள்ள உயர் வேரியண்டுக்கு, வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலை 22 லட்சம் சொல்லி, "5 லட்சம் கட்டுங்கள், மீதி 17 லட்சத்துக்கு ஏழு ஆண்டுக் கடன், மாதம் 27,350 ரூபாய்தான்" என்கிறார்கள். எதை வாங்கலாம்? ஆடித் தள்ளுபடியில் வாங்கலாமா? அம்மா ஆடியில் வேண்டவே வேண்டாம் என்கிறார்.

பதில்: மூன்று கார்களில் எதை வாங்கினாலும் நீங்கள் பெரிதாக ஏமாந்துவிட மாட்டீர்கள். ஒரே வகை வேரியண்டை எடுத்துப் பார்த்தால் இவற்றின் விலை வித்தியாசம் அதிகமில்லை. ஒரே காரின் நடு வேரியண்டுக்கும் உயர் வேரியண்டுக்கும் இடையில்தான் மூன்று, நான்கு லட்சம் ஒளிந்திருக்கிறது. அதனால் மாடலைக் கடைசியில் பார்ப்போம். முதலில் கொட்டேஷனை எடுத்து வையுங்கள்.

நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள பெட்ரோல், டீசல், ஹைபிரிட் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம். செஸ் என்ற கூடுதல் வரி சேர்த்து முன்பு இருந்ததைவிட இது குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் எக்ஸ்-ஷோரூம் விலை (ஆயுள்கால வரியும் காப்பீடும் சேராத விலை) 15 லட்சம் என்றால், அதில் காரின் விலை 10.71 லட்சம், ஜிஎஸ்டி 4.29 லட்சம். அதற்கு மேல் தமிழக அரசின் ஆயுள்கால வரி வருகிறது. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்டபடி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதைத் தாண்டினால் 20. உங்கள் 15 லட்சத்துக்கு 2.70 லட்சம். ஆக, 10.71 லட்ச ரூபாய்க் காருக்கு ஏறக்குறைய 7 லட்சம் வரி கட்டிய பிறகுதான் வண்டி மடிப்பாக்கம் வந்து சேர்கிறது. (ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிற கிரெட்டா சென்னையில் மலிவாகக் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வரிக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பாசமெல்லாம் கிடையாது.)

அதாவது, உயர் வேரியண்டில் ஒரு லட்ச ரூபாய்க்கு ஒரு வசதியைக் கூடுதலாகத் தேர்ந்தெடுத்தால், உங்கள் கையிலிருந்து போவது 1,18,000 ரூபாய். காப்பீடு தனியாகச் சிறிது ஏறும். 18 லட்சம் எக்ஸ்-ஷோரூம் உள்ள வண்டி 22 லட்சமாக வீங்குவது இப்படித்தான். 14.50 லட்சம் எக்ஸ்-ஷோரூம் உள்ள நடு வேரியண்ட், எல்லாம் சேர்த்து 18 லட்சத்துக்குள் அடங்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம் முழு விலைக்கும் விழுகிறது. 19.90 லட்சம் விலையுள்ள காருக்கு வரி 3.58 லட்சம், 20.10 லட்சம் என்றால் 4.02 லட்சம். 20,000 ரூபாய் கூடுதல் விலைக்கு 44,000 ரூபாய் கூடுதல் வரி. விற்பனையாளர் "இன்னும் கொஞ்சம் போட்டால் அடுத்த வேரியண்ட்" என்று சொல்லும்போது அந்தக் கொஞ்சம் எந்த எல்லையைத் தாண்டுகிறது என்று பாருங்கள்.

அந்த நான்கு லட்சத்துக்கு என்ன கிடைக்கிறது? பெரிய கண்ணாடிக் கூரையுள்ள சன்ரூஃப், காற்றோட்டமுள்ள இருக்கை, 360 டிகிரி கேமரா, பெரிய திரை, தானாகப் பிரேக் பிடிக்கும் ஏடாஸ். இவற்றில் கேமரா பயனுள்ளது. உங்கள் அடுக்ககத் தூண்களுக்கு நடுவே வண்டியை நுழைக்கும்போது அதன் அருமை தெரியும். சென்னை வெயிலில் சன்ரூஃபை எத்தனை நாள் திறப்பீர்கள் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஏடாஸ் தென்காசி நெடுஞ்சாலையில் உதவும். வேளச்சேரி பிரதான சாலையில் இரு சக்கர வாகனங்கள் இடதும் வலதும் புகும்போது அதை அணைத்துவைப்பவர்களே அதிகம். ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காமல் தடுக்கும் இஎஸ்சி, பின்புற நடு இருக்கைக்கும் மூன்று முனை பெல்ட் ஆகியவை நீங்கள் வாங்கும் வேரியண்டில் இருக்கின்றனவா என்று மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள்.

இப்போது கடனுக்கு வருவோம். மாதம் 27,350 ரூபாய் உங்களால் கட்ட முடியாத தொகை அல்ல. கையில் 56,000 மிஞ்சுகிற குடும்பத்துக்கு எந்த வங்கியும் அதைக் கொடுக்கும். எனக்கு உறுத்துவது ஏழு ஆண்டு. 9 சதவீத வட்டியில் 17 லட்சத்துக்கு நீங்கள் கட்டப்போகும் வட்டி மட்டும் ஏறக்குறைய 6 லட்சம். உங்கள் மகள் நான்கு ஆண்டுகளில் கல்லூரிக்குப் போவாள். கடைசி மூன்று ஆண்டுத் தவணை அவள் கல்லூரிக் கட்டணத்தோடு மோதும். காப்பீட்டு நிறுவனங்களின் தேய்மானக் கணக்கில் ஐந்தாம் ஆண்டு முடிவில் காரின் மதிப்பு பாதிதான். பாதி மதிப்புள்ள வண்டிக்கு முழுத் தவணை கட்டிக்கொண்டே கல்லூரிக்கும் பணம் தேட வேண்டியிருக்கும்.

என் கணக்கு இது. ஆன்-ரோடு 18 லட்சத்துக்கு மேல் போகாதீர்கள். பழைய கார் 2 லட்சம். வைப்பு நிதியில் 5 லட்சத்தைத் தொடாதீர்கள். வீட்டுச் செலவும் வீட்டுக் கடன் தவணையும் சேர்ந்து மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் ஆகிற உங்களுக்கு அது ஐந்து மாதப் பாதுகாப்பு கூட இல்லை, ஆனாலும் இருவர் சம்பாதிக்கும் வீடு என்பதால் ஒத்துக்கொள்கிறேன். மீதி 6 லட்சத்தை எடுத்துக் காருக்குப் போடுங்கள். வைப்பு நிதி வட்டியில் வருமான வரி போக நிற்பது 5 சதவீதத்தை ஒட்டித்தான். அதை அப்படியே வைத்துக்கொண்டு 9 சதவீதத்தில் கடன் வாங்குவதில் அர்த்தமில்லை. கடன் 10 லட்சம், நான்கு ஆண்டு. தவணை 24,885 ரூபாய். ஷோரூம் சொன்னதைவிட மாதத் தவணை 2,500 ரூபாய் குறைவு. மொத்த வட்டி 1.95 லட்சம்தான், மகள் கல்லூரியில் சேரும் நேரத்தில் கடன் முடிந்துவிடும். மியூச்சுவல் ஃபண்டில் கை வைக்க வேண்டாம், மாதம் போடும் எஸ்ஐபியையும் நிறுத்த வேண்டாம். அந்த 7 லட்சம் உங்களுடையது அல்ல, மகளுடையது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டீசலா, ஹைபிரிட்டா என்பதைக் கிலோமீட்டர்தான் சொல்ல வேண்டும். மடிப்பாக்கம்–தரமணி போக்குவரத்து, ஊருக்குள் அலைச்சல், மூன்று தென்காசிப் பயணம் எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு 12,500 கிலோமீட்டருக்கு மேல் தாண்டாது என்று மதிப்பிடுகிறேன். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 92.50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் வண்டி சராசரியாக 12.5 கிலோமீட்டர் கொடுத்தால் ஆண்டுச் செலவு 1,01,000. டீசல் 16 கொடுத்தால் 72,000 சொச்சம், மிச்சம் ஏறக்குறைய 28,700. டீசலுக்குக் கூடுதல் விலை ஒன்றரை லட்சம் என்றால் வரியோடு 1.77 லட்சம். அது திரும்பி வர ஆறு ஆண்டு ஆகும். ஹைபிரிட் 20 கொடுத்தால் ஆண்டுக்கு 38,000 மிச்சம். இரண்டரை லட்சம் கூடுதல் விலையும் அதன் வரியும் சேர்ந்து 2.95 லட்சம், எட்டு ஆண்டு ஆகும். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு ஏறக்குறைய பாதியாகிவிடும். உங்கள் மைத்துனர் அப்படி ஓட்டுபவராக இருக்கலாம்.

டீசலில் இன்னொரு சங்கடம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களின் புகைபோக்கியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிந்துபோக வண்டி சிறிது நேரம் நிற்காமல் சீரான வேகத்தில் ஓட வேண்டும். தினமும் சில கிலோமீட்டர் ஊர்ந்தே வீடு திரும்பும் வண்டியில் அது அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். ஹைபிரிட்டில் அந்தத் தொல்லை இல்லை, நெரிசலில்தான் அதற்கு மதிப்பு. ஆனால் பேட்டரி டிக்கியின் இடத்தைக் கணிசமாகத் தின்றுவிடுகிறது. குடும்பமாகச் சாமானோடு தென்காசி போகிற வீட்டுக்கு அது சின்ன விஷயமில்லை. உங்களுக்குச் சாதாரண பெட்ரோலே போதும்.

ஹைபிரிட் வேண்டாம் என்றால் கிராண்ட் விட்டாராவும் விலகுகிறது. இந்தக் கணக்கில் மிஞ்சுவது கிரெட்டா அல்லது எலிவேட்டின் நடு பெட்ரோல் வேரியண்ட். எலிவேட்டில் தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் இடைவெளி, பெரிய டிக்கி. கிரெட்டாவுக்கு மறுவிற்பனையில் கிராக்கி அதிகம். விபத்துச் சோதனைதான் முக்கியம் என்றால் ஸ்கோடா குஷாக்கையும் ஒருமுறை பாருங்கள். 2022-ல் குளோபல் என்கேப் அதற்கு 5 நட்சத்திரம் கொடுத்தது, அன்றைய கிரெட்டாவுக்கு 3. கிரெட்டா 2024-ல் மாற்றியமைக்கப்பட்டதால் பழைய மதிப்பெண்ணை இன்றைய வண்டி மேல் அப்படியே ஏற்றக் கூடாது. மற்றபடி, அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப் போய் ஒவ்வொன்றிலும் பின்னிருக்கையில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். இந்தச் செலவுக்கே காரணம் அவர் முழங்கால்தானே. எக்ஸ்-ஷோரூம் 10 லட்சத்தை ஒட்டியுள்ள, நான்கு மீட்டருக்கு உட்பட்ட எஸ்யூவி ஒன்றிலும் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். 1,200 சிசி வரையுள்ள பெட்ரோல் வண்டி என்றால் அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். ஒன்றரை சாண் நீளத்துக்கு 22 சதவீதம் கூடுதல் வரி கட்டுகிறோம் என்பது தெரிந்த பிறகும் பெரிய வண்டிதான் வேண்டும் என்றால் சரி, வாங்குங்கள்.

கொட்டேஷனில் "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். அரசு அப்படியொரு கட்டணம் விதிப்பதில்லை. 10 லட்சத்துக்கு மேலான காருக்கு 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். அது செலவில்லை, வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும். காப்பீட்டை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெளியே இரண்டு இடங்களில் விலை கேளுங்கள். பழைய காரில் ஐந்து ஆண்டுகளாக இழப்பீடு கோராமல் இருந்தால் 50 சதவீத நோ கிளெயிம் போனஸ் உங்களுக்கு உண்டு. அது காருக்குச் சேர்வதல்ல, உங்களுக்குச் சேர்வது. பழைய வண்டியைக் கொடுக்கும்போது காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான சான்றிதழ் வாங்கிவிட்டால், புதிய காரின் சொந்தச் சேத பிரீமியத்தில் பாதி குறையும். ஷோரூமில் இதைத் தாமாகச் சொல்பவர்கள் அரிது. பழைய வண்டியின் பதிவுச் சான்றிதழ் (ஆர்சி) பெயர் மாறிய பிரதியையும் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் யாரோ சிக்னலைத் தாண்டியதற்கு அபராதம் உங்கள் கைப்பேசிக்கு வரும்.

மடிப்பாக்கத்துக்காரருக்கு எஞ்சின் பாதுகாப்புக் கூடுதல் காப்பீட்டைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர் நீங்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். எஸ்யூவி உயரமானது என்று அந்தக் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள். தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஏற்படும் சேதத்துக்குச் சாதாரண பாலிசியில் பணம் தர மாட்டார்கள்.

ஆடிக்கு வருவோம். கார் நிறுவனங்களின் தள்ளுபடித் திட்டங்கள் ஆங்கில மாதக் கணக்கில் ஓடுகின்றன. ஆடி ஆகஸ்ட் நடுவில் முடிந்துவிடும். ஆகஸ்ட் கடைசி வாரம் ஆவணி. ஆகவே ஆடியிலேயே பேரம் பேசி, ஆகஸ்ட் மாதச் சலுகை மாத இறுதிவரை உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, பில்லையும் டெலிவரியையும் ஆவணியில் ஒரு நல்ல நாளில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவுப் படிவத்தில் "டெலிவரி நாளன்றைய விலை" என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நாள் குறிக்கிற வேலையை அம்மாவிடமே விட்டுவிடலாம்.