கிராஃபீன் கோட்டிங்குக்குக் கூடுதலாக 12,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: புதிதாக வெள்ளை நிறக் கார் வாங்கியிருக்கிறேன். சென்னை பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. காரைத் திறந்தவெளியில்தான் நிறுத்த முடியும், கழுவுவது போர் தண்ணீரில். காரை மெருகேற்றித் தரும் டீடெய்லிங் கடையில் செராமிக் கோட்டிங் 18,000 ரூபாய், கிராஃபீன் கோட்டிங் 30,000 ரூபாய் என்கிறார்கள். கிராஃபீன் பூசினால் வெயில் சூடு தங்காது, தண்ணீர்க் கறை படியாது, கீறல் விழாது, கடல் காற்றுக்குத் துரு ஏறாது, 7 ஆண்டு தாங்கும் என்றும் சொல்கிறார்கள். இதெல்லாம் உண்மையா?

பதில்: அந்தக் கூடுதல் 12,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். கிராஃபீன் பொய்யான பொருள் அல்ல. ஆனால் அதன் புகழுக்குக் காரணமான குணங்களில் ஒன்றுகூட உங்கள் கார் பெயின்ட்டின் மேல் வந்து சேரவில்லை. பெயின்ட் துறையில் இருப்பவன் என்ற முறையில் இந்தக் கேள்வி எனக்கு வாரந்தோறும் வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட், கரி அணுக்களால் ஆன படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பொருள். அதில் ஒரே ஒரு படலத்தைத் தனியே பிரித்தால் அதுதான் கிராஃபீன். 2004-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் சாதாரண ஒட்டும் டேப்பை கிராஃபைட் கட்டியில் ஒட்டி உரித்து அதைப் பிரித்தெடுத்தார்கள். 2010-இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. எஃகைவிடப் பல மடங்கு உறுதி, செம்பைவிட அதிக வெப்பக் கடத்தல் என்று நீங்கள் படிப்பவை எல்லாம் உண்மைதான். அவை ஓட்டையும் மடிப்பும் இல்லாத ஒரே படலத்தை ஆய்வகத்தில் அளந்தபோது கிடைத்த எண்கள்.

கடைப் பாட்டிலில் இருப்பது அப்படிப்பட்ட படலம் அல்ல, ரெசினில், அதாவது காய்ந்து படலமாக இறுகும் பிசினில், மிதக்கும் துகள். அந்தத் துகளும் கிராஃபீன்தானா என்பது அடுத்த கேள்வி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நாடுகளைச் சேர்ந்த 60 நிறுவனங்களின் கிராஃபீன் தூளை வாங்கிச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் உண்மையான கிராஃபீன் நூற்றுக்குப் பத்துகூட இல்லை. பாதிக்கு மேல் கிராஃபீன் இருந்த தூள் ஒன்றுமே இல்லை. மீதி எல்லாம் பொடியாக்கிய கிராஃபைட்.

கார் பூச்சுகளில் பெரும்பாலும் சேர்ப்பது கிராஃபீன் ஆக்சைடு, அல்லது அதிலிருந்து ஆக்சிஜனை ஓரளவு நீக்கிய வகை. திரவத்தில் எளிதாகக் கலக்கும் என்பதால் ஆக்சைடைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கிராஃபைட்டை அமிலத்தில் ஆக்சிஜனேற்றம் செய்யும்போது அந்தக் கரிப் பின்னல் பல இடங்களில் குலைந்துபோகிறது, வெப்பத்தையும் மின்சாரத்தையும் கடத்தும் திறன் பெருமளவு போய்விடுகிறது. இன்னொன்றும் இருக்கிறது. கிராஃபீன் ஆக்சைடு தண்ணீரை விரும்பும் பொருள், தண்ணீரில் நன்றாகக் கரைந்து பரவும். அதைச் சேர்த்ததால் தண்ணீர் உருண்டோடுகிறது என்று சொல்வது வேதியியலையே தலைகீழாக்குவது. தண்ணீரை முத்து முத்தாக உருட்டிவிடுவது பாட்டிலில் இருக்கும் சிலிக்கான் சேர்மங்கள். அவை 18,000 ரூபாய் செராமிக் பாட்டிலிலும் இருக்கின்றன.

உங்கள் கார் வெள்ளை என்பதால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். காரில் இந்தப் பூச்சு ஏறத்தாழ ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தடிமனில்தான் நிற்கும். அதில் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்கு சுத்தமான கிராஃபீன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 10 நானோமீட்டர், அதாவது சுமார் 30 படலம். ஒரு படலம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் 2.3 விழுக்காட்டை விழுங்கிவிடும். 30 படலத்தைக் கடந்தால் பாதி வெளிச்சம்தான் மிஞ்சும். அந்தப் பாதி வெள்ளைப் பெயின்ட்டில் பட்டுத் திரும்பி வரும்போது மறுபடியும் பாதியாகும். நான்கில் ஒரு பங்கு வெளிச்சமே உங்கள் கண்ணுக்கு வரும். கார் சாம்பல் நிறமாகத் தெரியும்! பூசிய பிறகும் கார் பளிச்சென்று வெள்ளையாகவே இருக்கிறது என்றால், பூச்சில் கிராஃபீன் நூற்றில் ஒரு பங்கைவிட மிகமிகக் குறைவு என்று பொருள். ஒரு காருக்குச் செலவாவது 50 மில்லி அளவுள்ள ஒரு பாட்டில். அதில் அரை கிராம்கூடத் தேறாத ஒரு பொருளுக்குத்தான் உங்களிடம் 12,000 கூடுதலாகக் கேட்கிறார்கள்.

சூடு பற்றிய பேச்சையும் இதே போல அளந்து பார்க்கலாம். குறையே இல்லாத கிராஃபீனை ஒரு மைக்ரான் தடிமனுக்கு அடுக்கியே பூசிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அது பக்கவாட்டில் கடத்தும் வெப்பம், அடியில் இருக்கும் 0.7 மில்லிமீட்டர் எஃகுத் தகடு கடத்துவதில் சுமார் பதினேழில் ஒரு பங்குதான். உண்மையான பூச்சில் இருப்பதோ அதில் மிகச் சிறிய துளி. வெயிலில் கார் எவ்வளவு சுடும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது அதன் நிறம். வெள்ளை வாங்கியபோதே நீங்கள் அந்த வேலையை முடித்துவிட்டீர்கள்.

தண்ணீர்க் கறைதான் உங்கள் ஊரின் உண்மையான சிக்கல். அதை விளக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. கோட்டிங் போட்ட காரை மே மாதப் பகலில் போர் தண்ணீரில் கழுவிவிட்டு, துடைக்காமல் பத்து நிமிடம் பானெட்டைக் கவனித்துப் பாருங்கள். தண்ணீர் படலமாகப் பரவாமல் குண்டு குண்டாக நிற்கும். ஓரம் உலர உலரக் குண்டு சுருங்கும், ஆனால் அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பும் மெக்னீசியமும் எங்கும் போகாது. கடைசியில் துளி நின்ற இடத்தில் ஒரு வெள்ளை வளையம் மிஞ்சும். நகத்தால் சுரண்டினால் மாவு போல வரும். இது இரண்டு மூன்று வாரம் வெயிலில் கிடந்தால் மாவாக வராது, பெயின்ட்டின் மேல் இருக்கும் நிறமற்ற படலமான கிளியர் கோட்டிலேயே குழி விழுந்திருக்கும். பூச்சு தண்ணீரை எவ்வளவுக்கு எவ்வளவு நன்றாகக் குண்டாக்குகிறதோ, சமதளமான பானெட்டிலும் கூரையிலும் அந்த அளவுக்கு இந்த வளையங்கள் தெளிவாக விழும். இது செராமிக்குக்கும் பொருந்தும், கிராஃபீனுக்கும் பொருந்தும். துளியில் உப்பு இருக்கும்வரை எந்தப் பூச்சும் அந்த உப்பை ஆவியாக்கிவிடாது.

உப்பின் அளவு எவ்வளவு என்று கேட்பீர்கள். குடிநீரில் கரைந்த திடப்பொருள், டி.டி.எஸ். என்கிறார்களே அது, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். உங்கள் போர் தண்ணீரில் அது 1,500 என்று வைத்துக்கொண்டால், 15 லிட்டர் வாளியில் 22 கிராம் உப்பு இருக்கிறது. நான்கு டீஸ்பூன் உப்பை வாளியில் கொட்டிக் கலக்கிக் காரைக் கழுவுகிறோம் என்பதுதான் இதன் பொருள். சில குடியிருப்புகளில் வீணாக்க வேண்டாம் என்ற நல்லெண்ணத்தில் ஆர்.ஓ. கருவியின் கழிவுநீரைப் பிடித்துக் கார் கழுவுகிறார்கள். அந்த நீரில் உப்பு இன்னும் செறிந்திருக்கும், காருக்கு அதைப் பயன்படுத்தவே வேண்டாம். போர் தண்ணீரில் கழுவியே ஆக வேண்டுமானால் வெயில் ஏறும் முன்பு கழுவுங்கள், கடைசியாக ஒரு வாளி குடிநீரோ பிடித்து வைத்த மழைநீரோ ஊற்றி உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். புதிய வளையங்களுக்கு வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, நிழலில் வைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசினால் போய்விடும். இந்தப் பழக்கத்துக்கு ஆண்டு முழுவதும் சில நூறு ரூபாய்கூட ஆகாது. 30,000 ரூபாய்ப் பூச்சு செய்ய முடியாததை இது செய்துவிடும்.

கீறல் விழாது என்பதற்குச் சான்றாக '9எச்' என்ற எண்ணைக் காட்டுவார்கள். வைரம் 10, இது 9 என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், சில விற்பனையாளர்கள் அதைத் திருத்துவதும் இல்லை. இந்த 9எச் பென்சிலின் கடினம். 750 கிராம் எடையோடு, 45 டிகிரி சாய்வில் பென்சிலை வைத்துத் தள்ளும்போது பூச்சில் கோடு விழுகிறதா என்று பார்க்கும் சோதனை அது. வைரம் 10 என்பது கனிமங்களுக்கான மோஸ் அளவுகோல், முற்றிலும் வேறு. உங்கள் கார் மேல் படியும் தூசியில் இருக்கும் மணல் அந்த அளவுகோலில் 7, பென்சில் முனையோ அதற்கு வெகு கீழே நிற்கிறது. குடியிருப்புகளில் விடியற்காலையில் ஒருவரே ஒரே வாளி, ஒரே துணியோடு பத்துப் பதினைந்து கார்களைத் துடைத்துச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அவர்மேல் குற்றமில்லை, அவருக்குக் கிடைக்கும் நேரமும் தண்ணீரும் அவ்வளவுதான். ஆனால் ஆறாவது காருக்கு வரும்போது அந்தத் துணி மணல் காகிதமாகிவிட்டிருக்கும். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போலத் தெரியும் சுழல் கீறல்கள் அங்கிருந்துதான் வருகின்றன. தினமும் துடைப்பதை நிறுத்திவிட்டு வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள். இரண்டு துணிகளை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

துரு விஷயத்தில் கிராஃபீனுக்கு உண்மையாகவே ஒரு வேலை இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். இரும்புக் கட்டுமானங்களுக்குப் பூசும் தடிமனான எபாக்சி பிரைமரில் (அடிப்பூச்சில்) தட்டைத் துகள்களாகச் சேர்த்தால், ஈரமும் ஆக்சிஜனும் உலோகத்தை அடையும் வழி சுற்றிச் சுற்றி நீளும். அங்கேயும் கவனம் வேண்டும். கிராஃபீன் மின்சாரம் கடத்துவதால், கீறல் விழுந்த இடத்தில் அடியில் உள்ள உலோகம் இன்னும் வேகமாக அரிக்கப்படலாம். கிராஃபீன் போர்த்திய செம்பு நாளடைவில் வெறும் செம்பைவிட அதிகமாக ஆக்சிஜனேற்றம் அடைந்ததை ஓர் ஆய்வு 2013-இல் காட்டியது. உங்கள் காரைத் துருவிலிருந்து காப்பது தொழிற்சாலையிலேயே தகட்டின் மேல் ஏற்றும் துத்தநாகமும், உடலை முழுதாகத் தொட்டியில் மூழ்கடித்து மின்சாரத்தால் படியவைக்கும் பிரைமரும். துரு பிடிப்பதோ அடிப்பகுதியிலும் கதவின் கீழ் விளிம்பிலும் கல்லடி பட்ட இடத்திலும். பளபளப்புக்காகப் பானெட்டில் தடவும் ஒரு மைக்ரான் அங்கெல்லாம் போவதே இல்லை. மாதம் ஒரு முறை அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவுவதுதான் கடலோரத்துக் காருக்குப் பலன் தரும்.

கார்களில் கிராஃபீனே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபோர்டு நிறுவனம் 2018-இல் பானெட்டுக்குள் இருக்கும் பாகங்களை மூடும் நுரைப்பொருளில் அரை விழுக்காட்டுக்கும் குறைவாகக் கிராஃபீன் சேர்த்து, சத்தம் 17 விழுக்காடு குறைந்ததாகவும் வெப்பம் தாங்கும் திறன் 30 விழுக்காடு கூடியதாகவும் அறிவித்தது. சேர்க்காத நுரையோடு சேர்த்த நுரையை ஒப்பிட்ட எண்கள் அவை. கடைக்காரரிடமும் நீங்கள் இதையே கேட்கலாம்: "இதே ரெசினில் கிராஃபீன் சேர்த்ததையும் சேர்க்காததையும் ஒப்பிட்ட சோதனை அறிக்கை இருக்கிறதா? அதில் இருப்பது கிராஃபீனா, ஆக்சைடா, எத்தனை விழுக்காடு?" ஒரு பக்கத் தொழில்நுட்பத் தாளில் அடங்கிவிடும் பதில்கள் இவை. முன்பு கார் விற்பனையகங்களில் 'டெஃப்ளான் கோட்டிங்' என்று விற்றார்களே, அப்போதும் இப்படிக் கேட்டிருக்க வேண்டும். டெஃப்ளான் 327 டிகிரி செல்சியஸில்தான் உருகும், அந்தச் சூட்டைத் தாண்டினால்தான் தோசைக்கல்லில் படலமாகப் பிடிக்கும். காரைச் சூளையில் வைக்க முடியுமா?

கிராஃபீன் என்று எழுதிய பாட்டிலில் நல்ல ரெசின் இருந்தால் அந்தப் பூச்சு நன்றாகவே உழைக்கும், விலை ஒன்றாக இருந்தால் தாராளமாக அதையே போட்டுக்கொள்ளுங்கள். 7 ஆண்டு உத்தரவாதத்துக்கு மட்டும் அந்தத் தாளின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஆண்டுதோறும் அதே கடையில் காசு கொடுத்துப் பராமரிப்பு செய்தால்தான் செல்லும் என்ற வரி பெரும்பாலும் அங்கே இருக்கும்.

உங்கள் நிலையில் நான் 18,000 ரூபாய் செராமிக்கைத் தேர்ந்தெடுப்பேன், அதிலும் பேரத்தைப் பூச்சின் பெயரில் பேசாமல் அதற்கு முந்தைய வேலையில் பேசுவேன். புதுக் காருக்கு அழுத்தமான பாலிஷ் வேண்டாம். கிளியர் கோட் மொத்தமே 40 மைக்ரான் அளவுதான், ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சத்தைத் தேய்த்து எடுத்துவிடும், போனது திரும்பாது. வேலை தொடங்கும் முன் பெயின்ட் தடிமன் மீட்டரைப் பானெட்டிலும் கதவிலும் கூரையிலும் வைத்துக் காட்டச் சொல்லி எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் அதே இடங்களில் மறுபடி வைக்கச் சொல்லுங்கள். மிச்சமாகும் 12,000 ரூபாயைக் காருக்கே செலவழிக்க ஆசையிருந்தால், கல்லடி அதிகம் படும் முன் பம்பருக்கும் பானெட்டின் முன் விளிம்புக்கும் பி.பி.எஃப். எனப்படும், பெயின்ட்டைக் காக்கும் படலம் ஒட்டுவதற்கு விலை கேளுங்கள். அது 150 மைக்ரானுக்கு மேல் தடிமன் உள்ள பாலியூரித்தேன், கல் பட்டால் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும்.