புகார் கொடுத்த அன்று இரவு

தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளியில் நடக்கும் அடிதடி, மிரட்டல் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

டீச்சர், 9-ஆம் வகுப்புப் பையன் ஒருவன், கூடப் படிப்பவர்கள் மிரட்டுவதாக என்னிடம் தனியாக வந்து சொன்னான். எல்லோரையும் நிற்கவைத்து விசாரிக்கட்டுமா?

வேண்டவே வேண்டாம். சொன்னவன் யார் என்று அடுத்த பீரியடுக்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சாதியைச் சொல்லித் தொல்லை கொடுத்த சக மாணவர்களைப் பற்றி 12-ஆம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளியில் சொன்னான். அன்று இரவே வீடு புகுந்து அவனை வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. புகாரை வாங்குவதோடு நம் வேலை முடிவதில்லை. பையன் இன்று யாருடன் வீட்டுக்குப் போகிறான், பெற்றோருக்குத் தகவல் போயிற்றா, மிரட்டியவர்களின் வீட்டில் பேசியாயிற்றா, காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டுமா? மணி அடிப்பதற்குள் இவ்வளவும் முடிவாக வேண்டும். மிரட்டியவர்களை ஒவ்வொருவராக, தனித்தனியாகக் கூப்பிடுங்கள். யார் சொன்னது என்று கேட்டால், "நானே பார்த்தேன்" என்று சொல்லுங்கள். அந்தப் பொய் பரவாயில்லை.

அம்மா, என் மகன் இரண்டு வாரமாக வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறான். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமையும் வலிக்கிறதா என்று பாருங்கள். "யாராவது அடிக்கிறார்களா?" என்று நேராகக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான். மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டான், பஸ்ஸில் எங்கே நின்றான் என்று கேளுங்கள். பதில் அதிலிருந்து வரும்.

முரட்டுப் பையனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால் மற்ற பிள்ளைகள் நிம்மதியாகப் படிப்பார்களே?

நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். பிளேடு வைத்திருந்த 8-ஆம் வகுப்புப் பையன். தினமும் குடித்துவிட்டு அடிக்கும் அப்பாவுக்குப் பயந்துதான் அதை வைத்திருந்தான் என்று அவனுடைய பாட்டி பிறகு வந்து சொன்னார். அதற்குள் அவன் செங்கல் சூளைக்குப் போய்விட்டான். ஏன் வைத்திருக்கிறாய் என்று நாங்கள் யாரும் அவனைக் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க" என்று சொல்லித்தானே சேர்த்தார்கள்?

சொன்னார்கள், நாங்களும் உரித்தோம். அடி வாங்கியவன் அடுத்தவனை அடிக்கத்தான் கற்றுக்கொண்டான். தவிர, 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனை, மனத் துன்புறுத்தல் இரண்டையும் தடை செய்கிறது.

சாதியைக் காட்ட மாணவர்கள் கட்டும் கலர் கைக்கயிறைத் தடை செய்தால் சாதிச் சண்டை நின்றுவிடுமா?

நிற்காது. ஆனாலும் செய்ய வேண்டும். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு கூடாது, அகர வரிசைப்படி உட்கார வையுங்கள் என்பவற்றோடு, 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்கு மாணவர் நலனைக் கவனிக்க நல அலுவலர் வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. கயிற்றைப் பற்றியே எல்லோரும் பேசினோம். எனக்கென்னவோ, அந்த நல அலுவலர்தான் முக்கியம்.

மிஸ், நண்பன் பையில் கத்தி பார்த்தேன். சொன்னால் காட்டிக்கொடுத்தவன் என்பார்கள்.

தம்பி, நாளைக்கு என்று தள்ளிப் போடாதே. நீ நம்புகிற ஆசிரியரிடமோ வீட்டிலோ இப்போதே சொல். யாரும் இல்லையென்றால் 1098-க்குப் போன் செய். அது குழந்தைகளுக்கான இலவச எண், ராத்திரியிலும் எடுப்பார்கள். கத்தியை நீயே பிடுங்கப் போகாதே.